ஓர் ஊழியர் கையில் எடுத்துள்ளார்

அவசர உதவிச் செய்தி வாரியம் என்று முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்பதால் ஊரில் எல்லோரும் அதை வாரியம் என்றே சொன்னார்கள். அதன் வேலை சுலபமானது. வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கைபேசியில் செய்தி அனுப்ப வேண்டும். வாரியம் ஆம்புலன்ஸை அனுப்பி வைக்கும். இந்த இரண்டு காரியங்களுக்கும் நடுவில் நான்கு மாடிக் கட்டடம், ஒரு தலைவர், அவருக்குக் கீழே பல துணைத் தலைவர்கள், துணைத் தலைவர்கள் வரும்போது மின்தூக்கியைப் பிடித்து வைக்க ஒரு தனிப் பிரிவு எல்லாம் இருந்தன. நுழைவாயில் கூடத்தில் வாரியத்தின் கொள்கையைப் பளிங்கில் செதுக்கியிருந்தார்கள். 'எந்தச் செய்தியும் கைவிடப்படாது.'

அடித்தளத்தில், மனிதர்களுக்காக இல்லாமல் இயந்திரங்களுக்காகக் குளிரூட்டிய அறைக்கு வெளியே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரை எல்லோரும் நூல்காரர் என்று கூப்பிட்டார்கள். அவர் நூல் நூற்றவருமில்லை, விற்றவருமில்லை. வருகிற செய்திகள் கணினிக்குள் வரிசையில் நிற்கும். வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்க அந்த நிரலுக்குள் எட்டுக் கிளைகள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தொழிலில் அதற்கு 'த்ரெட்' என்று பெயர். நூல் என்று அர்த்தம். ஒரு நூல் ஒரு செய்தியை எடுக்கும். வண்டிகள் நிற்கிற டிப்போவின் கணினியிடம் 'எந்த வண்டி சும்மா இருக்கிறது' என்று கேட்கும். பதில் வந்ததும் வண்டியை அனுப்பிவிட்டு அடுத்த செய்தியை எடுக்கும். எட்டு நூல்களும் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டதற்குக் காரணம்.

ஆனால் அவை சிக்கின. டிப்போவின் கணினி சில சமயம் கேள்வியை வாங்கிக்கொண்டு பதிலே சொல்லாது. கேட்ட நூல் அப்படியே நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அந்த நிரலை எழுதிக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. ஆகையால் அது யுகம் முடிகிறவரை நிற்கத் தயாராக நிற்கும். நூல்காரர் தினமும் காலையில் வந்ததும், மத்தியானம் ஒரு முறையும், சத்தமில்லாமல் எட்டு நூல்களையும் நிறுத்தி மறுபடி ஓட விடுவார். அவற்றின் கையில் மாட்டிக்கொண்டிருந்த செய்திகள் வரிசைக்குத் திரும்பும். வண்டிகள் கிளம்பும். இது யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் நன்றாகவே நடந்தது.

அவருக்கு மனசு கேட்கவில்லை. இதற்கு ஒரு வரி போதும். 'ஒரு நிமிஷத்துக்குள் பதில் வராவிட்டால் காத்திருக்காதே, அடுத்த டிப்போவைக் கேள்.' அந்த ஒரு வரியைச் சேர்க்க அனுமதி கேட்டுத் தலைவர் அறைக்குப் போனார்.

தலைவர் அவரை உட்காரச் சொன்னார். முழுதும் கேட்டார். கேட்டு முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முக்கியமான எதையும் அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் சொல்வார்.

"ஒரு நிமிஷம் ஆனா விட்டுட்டுப் போயிடணும்னு சொல்றீங்க."

"விட்டுட்டு இல்லைங்க சார். அடுத்த டிப்போவைக் கேட்கணும்."

"வார்த்தையை மாத்தாதீங்க. ஒருத்தர் பதில் சொல்லலைன்னா அவங்களை விட்டுட்டு வேற இடத்துக்குப் போறதுக்குப் பேர் என்ன? கைவிடறது. கீழ கூடத்துல என்ன எழுதியிருக்கு, படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன் சார்."

"நான் இந்த வாரியத்துக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு ஃபைலைக்கூடக் கைவிட்டதில்லை. வந்தது எல்லாம் இன்னும் என் மேஜை மேலதான் இருக்கு. அந்த உறுதி உங்க மிஷினுக்கும் வேணும்." அவர் கையைக் காட்டிய மேஜையில் தண்ணீர் குவளை வைக்கக்கூட இடமில்லை.

நூல்காரர் கும்பிடு போட்டுவிட்டு அடித்தளத்துக்கு வந்து எட்டு நூல்களையும் நிறுத்தி ஓட விட்டார்.

அவர் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தார். கல்யாணம் ஒன்று நடந்து, ஒத்துவராமல் போய், ஒரு பெட்டியோடு அங்கே வந்து சேர்ந்தவர். சேர்ந்த அன்றே அத்தான் வாசலில் நின்று, "ஒரு வாரம் இருந்துட்டு ஓடிப்போயிடாதே, எனக்குச் சீட்டாட ஆள் இல்லை" என்றார். அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரல் பழுதாகி, நாலு படி ஏறினால் நாற்காலி தேடுகிற நிலைமை. ஆனால் சீட்டில் கள்ளத்தனம் பண்ண மூச்சு தேவையில்லை என்பதால் அதில் குறை வைக்கவில்லை. மச்சினன் எந்த வாரியத்தில் வேலை பார்க்கிறான் என்பதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லி முடித்து, தபால்காரர் மாறியபோது அவருக்கும் முதலிலிருந்து சொன்னார். "என் உயிர் இவன் கையிலதான் இருக்கு. அந்த தைரியத்துலதான் ராத்திரி கண்ணை மூடுறேன்" என்பார். அக்காவின் கைபேசியில் வாரியத்தின் செயலியைப் போட்டு, எந்த இடத்தில் தொட்டால் செய்தி போகும் என்று காட்டிக் கொடுத்தது நூல்காரர்தான்.

இது இப்படியே ஓடியிருக்கும். ஊழியர் விவரங்களைப் பார்க்கிற ஆளணிப் பிரிவுக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். சுறுசுறுப்பானவர். வாரியத்தின் பழைய ஆவணங்களையெல்லாம் உட்கார்ந்து படித்தார். அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. கணினிப் பிரிவின் ஆவணத்தில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. நூல்களை 'வொர்க்கர்' என்று கம்பெனிக்காரர்கள் எழுதியதை யாரோ நல்ல தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். 'செய்திகளைக் கவனிக்க எட்டு ஊழியர்கள் இடைவிடாமல் இயங்குவர்.'

ஆளணி அதிகாரி அடித்தளத்துக்கு வந்தார்.

"இந்த எட்டு பேரோட ஃபைல் என்கிட்ட இல்லையே. எங்க இருக்காங்க?"

"உள்ள இருக்கு மேடம்."

"இருக்குன்னு சொல்லாதீங்க. இருக்காங்கன்னு சொல்லுங்க. எப்ப வேலைக்குச் சேர்ந்தாங்க?"

"மேடம், அது ஆளுங்க இல்லை. நிரலுக்குள்ள ஓடற நூல்."

"லீவு எடுப்பாங்களா?"

"எடுக்காது மேடம்."

"சாப்பாட்டு இடைவேளை?"

"கிடையாது மேடம்."

"இப்படிப்பட்டவங்களுக்கு இத்தனை வருஷமா ஒரு ஆளணி எண்கூட கொடுக்காம வெச்சிருக்கீங்க. உங்க மனசாட்சியைக் கேட்டுப் பாருங்க."

அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. அந்த வாரமே எட்டு நூல்களும் நிரந்தர ஊழியர்களாகப் பதியப்பட்டன. அதனால் வாரியத்தில் ஆள் கூடுதலாகிவிட்டது என்று கணக்குப் பிரிவு சொன்னது. ஆளைக் குறைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் மாடியில் திரும்ப அழைக்கும் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே சில பெண்கள் உட்கார்ந்து, செய்தி அனுப்பிய வீட்டுக்குப் போன் போட்டு, 'வண்டி வந்துச்சாங்க?' என்று கேட்பார்கள். வரவில்லை என்றால் டிப்போவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அவர்கள் லீவு எடுக்கிறவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் வீட்டுக்குப் போகிறவர்கள். எட்டுப் பேரோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் இவர்கள் தேறவில்லை. தங்கள் டீக் குவளைகளையும் நாற்காலி மெத்தைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலையில் போனார்கள். அதில் ஒருத்தி அடித்தளத்துக்கு இறங்கி வந்து நூல்காரரிடம், "பார்த்துக்கங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செய்தி அனுப்புகிறவர்களுக்கு வாரியத்திலிருந்து உடனே ஒரு பதில் போகும். 'தங்கள் செய்தி செயலாக்கத்தில் உள்ளது' என்று அதுவரை போய்க்கொண்டிருந்தது. ஊழியர்களின் உழைப்பு இதில் தெரியவில்லை என்று ஆளணி அதிகாரி அதை மாற்றினார். 'தங்கள் செய்தியை எங்கள் ஊழியர் ஒருவர் கையில் எடுத்துள்ளார். தயவுசெய்து காத்திருக்கவும்.'

முதல் மாடிக் கூடத்தில் ஒரு பெரிய திரை வைத்தார்கள். எட்டு வட்டங்கள். நூலின் கையில் செய்தி இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் அணைந்து கிடக்கும். தலைவர் தினமும் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார். ஒரு மத்தியானம் எட்டும் பச்சையாகவே நின்றன. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லா மாடிகளுக்கும் கேக் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். கேக் துண்டு அடித்தளத்துக்கு வந்தபோதுதான் நூல்காரருக்கு விஷயம் தெரிந்தது. எட்டு நூல்களும் டிப்போவின் பதிலுக்குக் காத்துச் சிலையாக நிற்கின்றன. கேக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் நிறுத்தினார். மேலே எட்டு வட்டமும் ஒரே சமயத்தில் அணைந்தன.

அப்படித்தான் அவர் மாட்டிக்கொண்டார். விசாரித்ததில் இதை அவர் தினமும் இரண்டு முறை, வருஷக்கணக்கில் செய்துவந்தது வெளியே வந்தது. ஆளணி அதிகாரி பேயறைந்தது போல உட்கார்ந்துவிட்டார்.

"நிரந்தர ஊழியர்களை, ஒரு காரணம் சொல்லாம, தினமும் ரெண்டு தடவை வேலையை விட்டு நீக்கியிருக்கீங்க."

"மறுபடி சேர்த்துடுவேன் மேடம், உடனே."

"அந்த மனுஷங்க மனநிலை என்ன ஆகும்?"

நூல்காரர் கையிலிருந்த இயந்திர அறைச் சாவி வாங்கப்பட்டது. இனி ஒரு நூலை நிறுத்த வேண்டுமானால் விதிப்படிதான் நிறுத்தலாம். 'நீங்கள் ஏன் நின்றுகொண்டிருக்கிறீர்கள்' என்று அந்த நூலுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதன் பதில் வந்த பிறகு குழு கூடி முடிவு செய்யும். நோட்டீஸ்கள் அனுப்பப்பட்டன. பதில் வரவில்லை. பதில் வராமல் முடிவு எடுப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று குழு காத்திருந்தது. நின்றுபோன நூல்கள் டிப்போவுக்காகக் காத்திருந்தன. வரிசையில் செய்திகள் நூல்களுக்காகக் காத்திருந்தன. தலைவரின் பேச்சு அந்த மாத இதழில் வெளிவந்தது. 'நம் வாசலில் இத்தனை நீண்ட வரிசை முன்பு எப்போதும் இருந்ததில்லை. மக்களின் நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?'

நூல்காரர் விடாமல் மனு போட்டார். வரிசை நீள்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்றார். வாரியம் கருணை கொண்டது. எட்டு ஊழியர்களை அறுபத்து நான்காக உயர்த்த உத்தரவு போட்டது. டிப்போவின் கணினி எட்டுப் பேர் கேட்டாலே திணறுகிறது, அறுபத்து நான்கு பேர் ஒரே சமயத்தில் போய் நின்றால் அது விழுந்துவிடும் என்று அவர் எழுதினார். அந்தக் கடிதம் இரண்டாவது பச்சை வட்டத் திரை வாங்குவது பற்றிய கோப்பில் சேர்க்கப்பட்டது.

தொடக்க விழா ஒரு வேலை நாள் முற்பகலில் நடந்தது. கைபேசிகளை அணைத்து வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். தலைவர் பொத்தானை அழுத்தினார். அறுபத்து நான்கு வட்டங்களும் பச்சையாகப் பூத்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்றுகூட அணையவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அணையாமல் நின்றால் எதுவும் நடக்கவில்லை என்று அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தலைவர் ஜன்னல் இல்லாததால் திரையைப் பார்த்துப் பேசினார். நன்றியுரை சொன்னவர் தலைவரின் பேச்சை மறுபடி சுருக்கிச் சொன்னார். சுருக்கம் பேச்சைவிட நீளமாக இருந்தது.

வெளியே வந்து கைபேசியை உயிர்ப்பித்ததும் அக்கா கூப்பிட்டிருந்தது வரிசையாக வந்து விழுந்தது. அவர் படிக்கட்டில் நின்றபடியே கூப்பிட்டார்.

"வேலையா இருந்தியாடா? தொந்தரவு பண்ணிட்டேனா?" என்றாள் அக்கா.

"அத்தானுக்கு என்னக்கா?"

"மூச்சு விட முடியலைடா. காபியே வேணாம்னுட்டார். ஆனா நீ பயப்படாதே. அப்பவே செய்தி போட்டுட்டேன். போட்ட உடனே எடுத்துட்டாங்க. ஒருத்தர் கையில எடுத்திருக்கார்னு வந்துடுச்சு. பேக்கரி அண்ணன் வேனைக் கொண்டாந்து நிறுத்திட்டு, ஏத்துங்க ஏத்துங்கன்னு நிக்கறார். ரொட்டித் தட்டையெல்லாம் எடுத்து ரோட்டுல அடுக்கிட்டார் பாவம். நான்தான் வேணாம்னேன். அந்தப் புள்ளை கையில எடுத்துக்கிட்டு ஓடி வந்துக்கிட்டிருக்கும். வந்து பார்த்து ஆள் இல்லைன்னா என்ன நினைக்கும்?"

"அக்கா. வேன்ல ஏத்து. இப்பவே ஏத்து."

"அப்ப அவங்க?"

"யாரும் வரலை. யாரும் எடுக்கலை."

"எடுத்துட்டாங்கன்னு போட்டிருக்கேடா."

"அது ஆள் இல்லைக்கா. அது மிஷின். அப்படியே நிக்குது."

பின்னால் அத்தான் இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. அக்கா நிதானமாகக் கேட்டாள். "அப்ப ஏன் ஆள்னு போட்டிருக்கீங்க?"

தம்பி பிறந்ததிலிருந்து அவள் அவரை 'நீ' என்றுதான் சொல்லியிருந்தாள்.

அவர் டிப்போவுக்குப் போன் போட்டார். எடுத்தவர் ஓட்டுநர். வண்டிகள் எல்லாம் நிற்பதாகவும், காலையிலிருந்து ஒரு செய்தியும் வராததால் இரண்டாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நூல்காரர் விலாசம் சொன்னார். ஓட்டுநர் தயங்கினார்.

"மெசேஜ் வராம வண்டியை எடுத்தா வேலை போயிடும் சார். வாரியத்துலேர்ந்து ஒரு மெசேஜ் மட்டும் தட்டி விடச் சொல்லுங்க. அடுத்த நிமிஷம் அங்க நிப்பேன்."

"நான் வாரியத்துலேர்ந்துதான் பேசறேன்."

"பேசறீங்க சார். மெசேஜ் வரணுமே."

அவர் ஆளணி அதிகாரியிடம் ஓடினார். சாவியைக் கேட்டார். காரணத்தையும் சொன்னார். அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் கண்கூடக் கலங்கியது. "உங்க கஷ்டம் புரியுது. ஆனா இன்னைக்குத்தான் ஐம்பத்தாறு பேர் புதுசா சேர்ந்திருக்காங்க. முதல் நாளே எப்படி நீக்கறது?" என்றார்.

அவர் இரு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். தெருவில் ரொட்டித் தட்டுகள் அடுக்கியபடி இருந்தன. வேனைக் காணோம். மருத்துவமனையில் அக்கா ஒரு நீள பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது. வேனில் அத்தானை மடியில் கிடத்திக்கொண்டு வந்திருக்கிறாள். பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. டாக்டர் அக்காவிடம் ஒன்றுதான் கேட்டாராம், ஏன் இவ்வளவு நேரம் என்று. "வந்துக்கிட்டிருக்காங்கன்னு சொன்னாங்க" என்று சொல்லியிருக்கிறாள். பேக்கரிக்காரர் அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நூல்காரர் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரப் போனார். அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் தோளைத் தொடவோ, திட்டவோ, அழவோ இல்லை. அந்த இடம் விட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் தலைவர் துக்கம் விசாரிக்க வந்தார். துணைத் தலைவர்கள் மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். வீட்டின் முன்னறைக்குள் அவர்கள் எல்லோரும் கொள்ளவில்லை. தலைவர் ஜன்னலோரம் போய் நின்றார்.

"அம்மா, உங்க வருத்தத்துல வாரியம் பங்கெடுத்துக்குது. ஆனா ஒரு விஷயத்தை நீங்க பெருமையா நினைக்கணும். நான் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். உங்க வீட்டுக்காரரோட செய்தியை எங்க ஊழியர் இந்த நிமிஷம் வரைக்கும் கையிலதான் வெச்சிருக்கார். ஆஸ்பத்திரிக்காரங்க கைவிட்டுட்டாங்க. டாக்டர் கைவிட்டுட்டார். நாங்க இன்னும் கைவிடலை."

அக்கா எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். தினமும் விடிந்ததும் அவள் கைபேசி ஒரு முறை அதிரும். 'தங்கள் செய்தி இன்னமும் எங்கள் ஊழியர் கையில் உள்ளது. தங்கள் பொறுமைக்கு நன்றி.' முதல் சில நாட்கள் ஒவ்வொரு முறையும் எடுத்துப் படித்தாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தாலும் அதிர்ந்தது.

"அதை மட்டும் நிறுத்தச் சொல்லேன்டா" என்றாள் ஒரு நாள். அவரிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் ஆளணி அதிகாரியிடம் போனார். ரத்து செய்யலாம், விதியில் இடம் இருக்கிறது என்று அவர் ஆதரவாகச் சொன்னார். அனுப்பியவரின் கையெழுத்து வேண்டும். நோயாளியின் சம்மதமும் வேண்டும்.

"நோயாளி இறந்துட்டார் மேடம்."

"அதை நோயாளி தரப்புலேர்ந்து தெரிவிக்கணும்."

மாடியறையில் நூல்காரர் தனியாகச் சீட்டுக்கட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோற்கடிக்க ஆள் இல்லாமல் அவருக்கு ஒவ்வொரு ஆட்டமும் வெற்றியாகவே வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தார். விட்டால் அந்தக் கட்டடத்தில் அணையாத பச்சை விளக்குக்கு அர்த்தம் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். விடவில்லை. ஊரும் மெல்ல மெல்ல வாரியத்தை மறந்தது. சொந்த வண்டி உள்ளவர்கள், பக்கத்தில் பேக்கரிக்காரர் உள்ளவர்கள் எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். யாரும் இல்லாதவர்கள் மட்டும் இன்னும் செய்தி அனுப்பினார்கள்.

அந்த வருஷம் சிறந்த நிறுவனத்துக்கான விருது வாரியத்துக்குக் கிடைத்தது. வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், இயந்திர அறையைத் துடைத்து வைக்க வேண்டும் என்று ஆளணி அதிகாரியே சாவியை அவரிடம் கொடுத்தார். எல்லோரும் மேலே போனார்கள். தலைவரின் வரவேற்புரை ஒலிபெருக்கியில் அடித்தளம் வரை இறங்கி வந்தது.

நூல்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஒரு வரியை எழுதினார். எழுத நேரமே ஆகவில்லை. இனி நூல்களை நிறுத்தி ஓட விட வேண்டியதுதான். ஆனால் விட்டால் கையில் மாட்டியிருக்கிற பழைய செய்திகளும் வரிசைக்குத் திரும்பும், வரிசையில் மாதக்கணக்கில் நிற்பவையும் நகரும். அந்த வீடுகளுக்கெல்லாம் இப்போது வண்டி போய் நிற்கும். ஆகவே ஒவ்வொரு செய்தியாகத் திறந்து, அனுப்பியவருக்குப் போன் போட்டார். திரும்ப அழைக்கும் பிரிவுப் பெண்களைப் போலவே, "வாரியத்துலேர்ந்து பேசறேங்க, வண்டி இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

சிலர் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினார்கள். அதைக் கேட்க அவருக்கு ஆறுதலாக இருந்தது. பிரசவத்துக்குக் கேட்டிருந்த வீட்டில் குழந்தை குப்புற விழ ஆரம்பித்துவிட்டதாம். ஒருவர், "எந்த வண்டி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். ஒரு கிழவர் மட்டும் இன்னும் வேண்டும் என்றார். கால் எலும்பு தானாகக் கூடிவிட்டது, ஆனாலும் கோணலாக இருக்கிறது, யாராவது வந்து பார்த்தால் தேவலை என்றார். அவருடையதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தார். அன்று காலை வந்து வரிசையில் நின்றவற்றைத் தொடவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது.

'அவருக்கு மூச்சு விட முடியல. சீக்கிரம் வாங்க. நீல கதவு வீடு. என் தம்பி உங்க ஆபீஸ்லதான் இருக்கான்.'

அதை அழிக்கிற விசையின் மேல் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மேலே கை தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டிலிருந்து வந்த செய்தியைக் கவனித்து முடிக்காமல் அழிக்க அவர் விரலுக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, நூல்களை நிறுத்தி ஓட விட்டார்.

வரிசையில் முதலில் அசைவு தெரிந்தது. டிப்போ பதில் சொல்லாத இடத்தில் நூல்கள் அடுத்த டிப்போவைக் கேட்டன. வண்டிகள் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் வரிசை காலியாகிவிட்டது. ஆளணி அதிகாரி விருந்தினர்களை அப்படியே விட்டுவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"மேல எல்லா விளக்கும் அணைஞ்சு கிடக்கு. ஊழியர்கள் எல்லாம் எங்க?"

"வேலை முடிஞ்சுடுச்சு மேடம்."

"முடிஞ்சுடுச்சா? வாரியத்துல வேலை எப்படி முடியும்?" என்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "விருது கொடுக்கறவங்க பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. ஒருத்தர்கூட வேலை செய்யலைன்னு நினைப்பாங்க."

நூல்காரர் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டி போய்ச் சேர்வதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்குப் போனார்.

அக்கா முன்னறையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னடா, இந்த நேரத்துல வந்துட்டே?" என்றாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். "அக்கா, இப்ப ஒரு..." என்று ஆரம்பித்தார். தெருமுனையில் சைரன் கேட்டது.

வண்டி நீலக் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு பெண் உதவியாளர் பையோடு குதித்து இறங்கி வந்தாள். பின்னால் ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு வந்தார். தாமதம் செய்யாமல்தான் வந்திருந்தார்கள். இருவருக்கும் வேர்த்திருந்தது.

"நோயாளி எங்கம்மா? மூச்சுத் திணறல்னு செய்தி வந்திருக்கு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மெல்ல எழுந்து நின்றாள்.

"இல்லைம்மா" என்றாள்.

"வேற வண்டியில போயிட்டாரா?"

"போயிட்டார்."

அந்தப் பெண் அறைக்குள் பார்த்தாள். சுவரில் அத்தானின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரப் பார்த்த ஓட்டுநரைக் கையால் நிறுத்தினாள். கையிலிருந்த சின்னத் திரையை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இதை முடிச்சாத்தான் எங்களால இங்கேர்ந்து கிளம்ப முடியும். ரெண்டு பட்டன்தான் கொடுத்திருக்காங்க. ஒண்ணு, நோயாளியை ஏத்தியாச்சு. இன்னொண்ணு, நோயாளி வர மறுத்துட்டார். மறுத்துட்டார்னு போட்டுடட்டுமா?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கோபமில்லாமல், தெரியாத பிள்ளைக்கு ஒரு விவரம் சொல்வது போலச் சொன்னாள்.

"அப்படிப் போடாதேம்மா. அவர் வரமாட்டேன்னு சொல்லவே இல்லை. நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு, செருப்பையும் போட்டுக்கிட்டு, வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்."